இடது பிரேக்

ஜூன் 8, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாகக் கோலமாவு டப்பாவைத் தேடினேன். வாசலுக்கு இல்லை, மைதானத்துக்கு. நேற்று கோடு போட்டு மீந்ததைச் சம்யு பிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். டப்பாவை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுத்தர ஆரம்பித்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. யோசனை சம்யுவுடையது, விளம்பரமும் அவள் செய்ததுதான். "பெண்களுக்கு மட்டும். பத்தே நாளில் ஸ்கூட்டர். பயிற்சியாளர்: கோகிலவாணி." பத்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் ரயில்வே காலனி மைதானத்தில் இரண்டு மணி நேரம். கடைச் சம்பளத்தில் வீடு ஓடிவிடும். இது சம்யுவின் படிப்புக்கு.

இன்று புதிதாக ஒருவர் வந்தார். பெயர் மயிலாத்தாள், ஐம்பது வயது இருக்கும். அரசுப் பள்ளியில் சத்துணவு சமையல். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது:

"நீங்கதானுங்களா டீச்சரு? போட்டாவுல கொஞ்சம் செவப்பா இருந்தீங்க."

"அது நான் இல்லீங்கக்கா. எம் பொண்ணு எங்கியோ இருந்து எடுத்துப் போட்ட படம்."

"அப்ப செரி. எனக்குச் செவப்பா இருக்கறவங்க சொன்னாப் புரியாதுங்க."

பள்ளிக்கூடம் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். எட்டு மணிக்கு இருந்த பஸ்ஸை ஒன்பதுக்கு மாற்றிவிட்டார்கள். எட்டரைக்கு அடுப்பு பற்றவைத்தால்தான் பன்னிரண்டரைக்கு நூற்றிப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இப்போதைக்குப் பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போகிறார். ஜூலை நான்காம் தேதியோடு அவர் வேறு ரூட்டுக்குப் போகிறார். அதற்குள் ஓட்டத் தெரியவில்லை என்றால் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பதினெட்டு வருட வேலை.

"எல்எல்ஆர் மே மாசமே எடுத்துட்டனுங்க. வண்டியும் ஒண்ணு செகண்டுல வாங்கியாச்சு. ஓட்டத்தான் தெரியாது. என்ற ஊட்டுக்காரரு சொல்றாரு, உனக்கு ஆட்டாங்கல்லுதான் ஓட்டத் தெரியும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதாச்சும் உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டனுங்க."

முதல் நாள் நான் எஞ்சினைப் போட விடுவதில்லை. காலால் உந்தி மைதானத்தைச் சுற்ற வேண்டும். அக்கா ஏழு சுற்று சுற்றினார். செருப்பு பிய்ந்தது. சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு போனார்.

ஜூன் 11, புதன்

இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வலிக்கின்றன. கடையில் ஒரு மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாட்ட மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் கீழே விழுந்தது. முதலாளி ஜெயபால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங் கோகிலா, கண்ணாடிக் கடையில வேல பாக்கற உனக்கே கண்ணாடி வேணுமாட்ட இருக்குது?"

"கண்ணு இல்லீங்க சார், விரலு."

காலையில் மாணவி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டி ஹேண்டிலில் அவர் கைகளை ஒட்டி வைத்துக்கொள்வேன். அதுதான் என் முறை. கீழே விழாமல் கற்றுத்தருகிறேன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். இதுவரை பதினொரு பேர், ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒருவேளை தினமும் இரண்டு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டிருப்பதால் வலியோ என்னவோ. சம்யு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

சம்யு மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தால் தூத்துக்குடி. ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவள், கடலை இரண்டே முறை பார்த்தவள், இன்றைக்கும் மீனுக்கு முள் எடுத்துக் கொடுக்கச் சொல்லுகிறவள்.

"திங்கறதுக்கு இல்லம்மா, படிக்கறதுக்கு" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

இங்கேயே, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், ஒரு கல்லூரியில் விலங்கியலுக்கும் போட்டு வைத்திருக்கிறோம். அது நான் போடச் சொன்னது. நல்ல கல்லூரிதான். மதியம் வீட்டுக்கு வந்தே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஜூன் 16, திங்கள்

உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இன்றே அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் இடம் நிற்கும் என்று போனில் சொன்னார்கள். சம்யு தன் தோழி ரம்யா வீட்டுக்குப் போயிருந்தாள். கடையில் அரைநாள் சொல்லிவிட்டுப் போய் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். விண்ணப்பத்தில் தந்தை பெயர் எழுதும் இடத்தில் எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதினேன். பெங்களூரில் இருக்கிறார், ஒன்பது வருடமாகத் தொடர்பு இல்லை என்பதற்கெல்லாம் அங்கே கட்டம் இல்லை.

மாலையில் சம்யுவிடம் சொன்னேன்.

"ஒரிஜினலா குடுத்த?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் கண்ணு. அங்க கெடச்சா வாங்கிக்கலாம்."

"அவங்க சீக்கிரம் திருப்பித் தர மாட்டாங்கம்மா."

பிறகு அடுப்படிக்குப் போனாள். தோசை ஊற்றினாள். சம்யுவுக்குக் கோபம் என்றால் தோசை மெலிசாக வரும். இன்று வந்த தோசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தட்டின் பூ தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

மயிலக்கா இன்று ஒரு தடவைகூட வண்டியைச் சாய்க்கவில்லை. திரும்பும்போது மட்டும் "முருகா முருகா" என்கிறார். முருகன் வலது பக்கம் திரும்பும்போது மட்டும்தான் தேவைப்படுகிறான், இடது பக்கம் அவரே பார்த்துக்கொள்கிறார்.

ஜூன் 21, சனி

மழை. வகுப்பு இல்லை. நல்ல நாள். துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டி, அதற்கடியில் குனிந்து குனிந்து நடந்துகொண்டு, நானும் சம்யுவும் வெங்காய போண்டா போட்டுத் தின்றோம். தோசைக்கோபம் தீர்ந்துவிட்டது போல.

நான் வண்டி கற்றுக்கொண்டதும் அதே காலனி மைதானத்தில்தான். என் கணவர் விட்டுவிட்டுப் போன அதே வாரம். சம்யுவுக்கு அப்போது எட்டு வயது, பள்ளிக்கூடம் ஆற்றுக்கு மறுகரையில். கற்றுத்தர யாரும் இல்லை. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போய் நானே ஏறினேன். ஐந்து நாள், ஆறு தடவை விழுந்தேன். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சம்யு ஓடி வந்து வண்டியைத்தான் முதலில் தூக்குவாள், என்னை அப்புறம். ஆறாவது நாள் அவளை முன்னால் நிறுத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். என்னிடம் வருகிறவர்கள் யாரும் அப்படி விழக்கூடாது என்றுதான் பின்னால் உட்காருகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

மயிலக்கா ஒரு தூக்குவாளி நிறைய அவித்த முட்டை கொண்டுவந்தார். நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "சத்துணவு முட்டை இல்லீங்க டீச்சரு, எங்கூட்டுக் கோழி. சத்தியமா" என்றார். மைதானத்திலேயே உப்பு தூவிச் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை தனியாகவே காலனியை ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று சொன்னேன். அக்கா முட்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தனியான்னா, நீங்க பின்னாடி இல்லாமயா?"

"ஆமாங்கக்கா. உங்களுக்குத்தான் எல்லாம் வந்திருச்சே."

ஜூன் 24, செவ்வாய்

அக்கா விழுந்துவிட்டார்.

காலனித் தெருவில், மூன்றாவது வீட்டு முனையில். நான் மைதானத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகத்தான் போனார். முனையில் இளநீர் வண்டி நின்றது. நிறுத்தத் தோதாக இருபதடி இருந்தது. வண்டி நிற்கவே இல்லை. இரண்டு காலையும் கீழே தேய்த்துக்கொண்டே போய் இளநீர்க் குலையில் முட்டி, குலையோடு சாய்ந்தார்.

ஓடினேன். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, உள்ளங்கையில் மண். வேறு ஒன்றும் இல்லை. இளநீர்க்காரர் கத்தத் தொடங்கியவர் அக்காவின் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உருண்டதில் ஒன்றைச் சீவி அவரிடமே கொடுத்தார்.

நான் வண்டியை நிமிர்த்தி இடது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது. வலது பிரேக்கும் நன்றாக இருந்தது.

"ஏங்கக்கா பிரேக் புடிக்கல?"

அக்கா இளநீரை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வண்டி தானா நிக்கலீங்களே டீச்சரு."

"தானாவா?"

"ஆமாங்க. இத்தன நாளா நிக்கோணும்னு நெனச்சா நின்னுக்குமுங்களே. நல்ல வண்டின்னு நெனச்சன். இன்னிக்கு என்னமோ கோளாறு."

முழங்காலைக் கழுவிவிட்டு மருந்து போட்டு, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அக்கா போகும்போதும் சிரித்தார். "ஊட்டுக்காரர்கிட்ட ஆட்டாங்கல்லு மேல உழுந்துட்டன்னு சொல்லிக்கறன்."

கடையில் இன்றும் திருகு கையில் நிற்கவில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் சம்யுவை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். வண்டியில் முன்னால் உட்காரச் சொன்னேன், நான் பின்னால். "மெதுவா ஓட்டு. கோட்டுக்கிட்டப் போனதும் பிரேக் புடிக்காத. என் இடது கைய மட்டும் பாரு."

ஓட்டினாள். கோட்டுக்கு நாலடி முன்பே வண்டி நின்றது.

"நீதாம்மா புடிச்ச" என்றாள்.

"நான் புடிக்கல."

"சரி, இன்னொரு தடவ போலாம்."

நான்கு தடவை போனோம். நான்காவது தடவை நானே குனிந்து பார்த்தேன். என் இரண்டு விரல்களும் அவள் விரல்களுக்கு மேலே போய், நான் சொல்லாமலேயே, பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தன.

இறங்கி நின்றேன். சம்யு சிரித்தாள், ஆனால் கேலியாக இல்லை.

"எனக்குப் போன வருசமே தெரியும்மா. எனக்குச் சொல்லிக்குடுத்தப்பவும் இப்படித்தான்."

"அப்பறம் நீ எப்படிப் புடிக்கக் கத்துக்கிட்ட?"

"ரம்யா வண்டியில. இதே கிரவுண்டுலதான். நீ இல்லாதப்ப."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்."

வீட்டுக்கு வரும்போது அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள்! எனக்குத் தெரியவே இல்லை.

ஜூன் 26, வியாழன்

பழைய மாணவிகளில் பத்துப் பேருக்குப் போன் செய்தேன். மயிலக்கா வேண்டாம், அவர் கதை தெரியும். "வண்டியை எப்படி நிறுத்துறீங்க?" இதுதான் கேள்வி.

ஆறு பேர் ஒழுங்காகப் பிரேக் பிடிக்கிறார்கள், தாங்களாகவே பழகிக்கொண்டார்களாம். இருவர் காலைத் தேய்த்து நிறுத்துகிறார்கள். அதில் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குகிறார், செருப்புக்காரன் ஏமாற்றுகிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். ஒருவர் மேட்டில்தான் நிறுத்துவாராம். இன்னொருவர் வண்டியை விற்றுவிட்டார்.

எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். கட்டணம் இல்லை என்றேன். "ஏன் டீச்சர், எதாவது விசேஷமா?" என்றார் செருப்புக்காரி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

நான்கு பேர் வந்தார்கள். மயிலக்கா முழங்காலில் பிளாஸ்திரியோடு, எல்லோருக்கும் முன்னால்.

கோலமாவில் மைதானத்தின் குறுக்கே ஐந்து கோடுகள் போட்டேன். தனியாக ஏறி ஓட்டிக் கோட்டின்மேல் முன்சக்கரம் நிற்க வேண்டும். நான் யார் பின்னாலும் ஏறமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்வது சுலபமாக இருந்தது. நின்று பார்ப்பதுதான் கஷ்டம். செருப்புக்காரி முதல் கோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலக்கா முதல் தடவை மூன்று கோடு தாண்டிப் போனார். இரண்டாவது தடவை வேகமாகப் பிடித்ததில் வண்டி துள்ளியது, நான் ஓடப் பார்த்தேன்.

"அங்கியே நில்லுங்க டீச்சரு!" என்று வண்டிமேலிருந்தே கத்தினார். "கைய வேற கட்டிக்குங்க. நீங்க அங்க நின்னுட்டும் பிரேக் புடிச்சிட்டு இருக்கறீங்க, எனக்குத் தெரியுது."

பார்த்தேன். இடது கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை கோட்டின்மேல் நிறுத்தினார். சரியாகக் கோட்டின்மேல். இறங்கி வந்து சக்கரத்தில் ஒட்டிய மாவைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னும் பன்னிரண்டு தடவை நிறுத்தினார். போதும் என்றாலும் கேட்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

மதியம் மூன்று மணிக்குக் கடை வாசலில் ஹாரன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "கோகிலா, உன்ற ஸ்டூடண்ட் ஒருத்தங்க நோ பார்க்கிங்ல நிறுத்தி நின்னுட்டு இருக்காங்க" என்றார்.

மயிலக்கா. நேற்று டெஸ்ட்டில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் ஆகிவிட்டது. இன்று பால் வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானாகவே போயிருக்கிறார். எட்டு இருபதுக்கு அடுப்பு பற்றவைத்தாராம்.

"ரெண்டு எடத்துல நிறுத்துனனுங்க. ஒரு எடத்துல ஆடு, ஒரு எடத்துல போலீசு. ரெண்டும் ஒண்ணும் சொல்லல."

பிறகு முதலாளியிடம் சொல்லி ஒரு கண்ணாடியையும் பார்த்து வாங்கிக்கொண்டார், வண்டி ஓட்டும்போது கண்ணில் பூச்சி விழாமல் இருக்க. நானே திருகு மாட்டிக் கொடுத்தேன், ஒரே தடவையில்.

ஜூலை 4, வெள்ளி

சம்யுவுக்குத் தூத்துக்குடி கிடைத்துவிட்டது. பதினொன்றாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும்.

போனை என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

"பாக்கலாம்" என்றேன்.

"நம்ம வீட்டுல பாக்கலாம்னா என்னம்மா அர்த்தம்?"

"ஹாஸ்டலுக்கெல்லாம் ஆகும்ல..."

"அதுக்குத்தானம்மா தெனமும் அஞ்சரைக்குப் போற?"

காபி குடித்துக்கொண்டிருந்தேன். சம்யு என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இப்போது முறையை மாற்றிவிட்டேன். முதல் நாள் பிரேக். அது வந்த பிறகுதான் மற்றதெல்லாம். மூன்றாம் நாளிலிருந்து நான் பின்னால் ஏறுவதில்லை. விரல் வலி போன இடம் தெரியவில்லை.

மதியம் அண்ணன் கோபியிலிருந்து போன் செய்தார். சம்யுவிடம் கொடுக்கச் சொன்னார். பெண்பிள்ளை, அவ்வளவு தூரம், அம்மா தனியாக இருப்பாள், உள்ளூரில் இல்லாத படிப்பா என்றெல்லாம். சம்யு "செரிங்க மாமா, செரிங்க மாமா" என்று கேட்டுவிட்டுப் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். என் புடவைகளை மடித்தாள். தன்னுடையதைத் தொடவில்லை.

அண்ணனைப் பேசச் சொன்னது நான்தான். வெள்ளிக்கிழமை மாலையே சொன்னேன். அன்றைக்கு அதை இங்கே எழுதவில்லை.

ஜூலை 7, திங்கள்

தோசை. தட்டின் பூ தெரிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் மைதானத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். வெயில் ஏறவில்லை. ஆடிக் காற்று முன்கூட்டியே வந்துவிட்டது போல, நான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் தேநீர் வாங்கிக் குடித்தேன். தூத்துக்குடி ரயில் எத்தனை மணிக்கு என்று தேநீர்க்காரரிடம் கேட்டேன். ரயில்வே காலனியில் எல்லோருக்கும் எல்லா ரயிலும் தெரியும். மணி சொல்லிவிட்டு, "யாரு போறாங்க?" என்றார். சும்மா கேட்டேன் என்றேன்.

மயிலக்கா வழியில் எதிரே வந்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு. நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாததால் இல்லை, நேரமாகிவிட்டதால். தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து உள்ளூர்க் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். என் மகள் வேறு கல்லூரியில் சேர இருப்பதால் அவளுடைய அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. சான்றிதழ் கொடுத்தபோது வாங்கிய ரசீதை அதோடு சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், கோலமாவு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். நாளை வகுப்பு முடிந்ததும் நேராகப் போவேன். அலுவலகம் பத்துக்குத் திறக்கும், முதல் ஆளாக நிற்க வேண்டும். தர மறுத்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். எனக்கு நேரம் இருக்கிறது.

கடையில் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. சம்யுவிடமும் இன்னும் சொல்லவில்லை. கையில் சான்றிதழோடு சொல்லத்தான் ஆசை.

இப்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள். தோசை இன்றும் மெலிசுதான். முறுகலாக, நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.